வட்டம் ஏன் முட்டையாகிறது? ஜவுளி வடிவமைப்பு: வாசகர் கேள்வி பதில்

அரூப ஓவியத்தின் (பொருளையோ ஆளையோ காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டும் கொண்ட ஓவியம்) முன்னோடிப் பெண்களைப் பார்த்துத் துணி வடிவமைக்கும் வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: அரூப ஓவியம் என்றாலே கான்டின்ஸ்கி, மோன்ட்ரியன் என்றுதான் கல்லூரியில் தொடங்குகிறார்கள். துணி வடிவமைப்பு படிக்கிறேன். பெண் ஓவியர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?
(மாணவி, சென்னை)

பதில்: நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அச்சுத் துணி என்றால் சோனியா டிலோனே (1885–1979). தறி என்றால் ஆனி ஆல்பர்ஸ் (1899–1994), கூடவே குன்டா ஷ்டோல்ட்சல். எம்பிராய்டரி என்றால் சோஃபி டாய்பர்-ஆர்ப் (1889–1943). பெரிய அளவில் ஒற்றை உருவம் வைக்கும் துணி என்றால் ஸ்வீடனின் ஹில்மா அஃப் கிளின்ட் (1862–1944). மெல்லிய கோடுகள் என்றால் நம் நஸ்ரீன் மொஹமதி (1937–1990).

இவர்களில் பலர் ஓவியத்தைக் கொண்டுபோய்த் துணியில் ஒட்டியவர்கள் அல்லர். துணிதான் அவர்களை அரூபத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. டிலோனே 1911இல் பிறந்த மகன் சார்லுக்காகத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். உக்ரைன், ரஷ்யக் கிராமங்களில் தைக்கும் ஒட்டுப்போர்வை முறை அது. அதில் உருவம் எதுவும் இல்லை. நிறத் துண்டுகள் மட்டுமே. அவருடைய அரூப வேலையின் தொடக்கமாக இன்று அதைத்தான் காட்டுகிறார்கள். டாய்பர்-ஆர்ப் 1916 முதல் 1929 வரை சூரிச் கலைத்தொழில் பள்ளியில் ஜவுளி வடிவமைப்பு கற்பித்தவர். அவருடைய கிடைமட்ட, செங்குத்துக் கட்டங்கள் பாவும் (நீளவாக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) குறுக்கிடும் ஒழுங்கை அப்படியே கொண்டவை. ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்குப் போனபோது நெசவு அவருடைய முதல் விருப்பம் அல்ல. பெண்களை நெசவுப் பட்டறைக்குத் தள்ளிவிடும் வழக்கம் அங்கே இருந்தது. அதே ஆல்பர்ஸுக்கு 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அது.

எனவே ஓவியத்தின் படத்தைப் பார்த்து டிரேசிங் எடுப்பதில் தொடங்காதீர்கள். அந்த ஓவியம் எந்தக் கட்டுப்பாட்டுக்குள் செய்யப்பட்டது என்று பாருங்கள். எத்தனை நிறம், எந்த அளவு, எந்தக் கருவி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டு அதன் பிறகு வரையுங்கள்.

கேள்வி: டிலோனேயின் வட்டங்களைப் பார்த்து ஒரு படுக்கை விரிப்புக்கு டிசைன் போட்டேன். கிராஃப் தாளில் சரியான வட்டம். நெய்து வந்தது முட்டை. தறிக்காரர் டிசைனைக் குறை சொல்கிறார், நான் தறியைக் குறை சொல்கிறேன். யார் சரி?
(வாசகர், கரூர்)

பதில்: அவர் சொல்வதுதான் சரி. சதுரக் கட்டக் கிராஃபில் வரைந்திருப்பீர்கள். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். அங்குலத்துக்கு 40 பாவு இழை, 30 பிக் (ஊடை இழை) உள்ள துணியில் அந்தக் கட்டம் சதுரமாக இருக்காது. அகலம் குறைந்து உயரம் கூடியிருக்கும். 400க்கு 400 கட்டத்தில் வரைந்த வட்டம் துணியில் 10 அங்குல அகலமும் 13.3 அங்குல உயரமும் கொண்டு நிற்கும். 10 அங்குல வட்டம் வேண்டுமென்றால் 400 பாவு இழை, 300 பிக் என்று வரைய வேண்டும். கணினியில் வரைந்தால் ரீடு (பாவு இழை நெருக்கம்), பிக் எண்களை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கட்டத்தின் விகிதத்தை மென்பொருள் மாற்றிக்கொள்ளும். கையால் வரைந்தால் உயரம் 4, அகலம் 3 என்ற விகிதத்தில் கட்டமுள்ள தாளை அச்சடித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்த பிறகும் வட்டம் கொஞ்சம் நசுங்கி வரும். தறியில் இழுவையோடு இருக்கும்போது எண்ணும் இழைகள் வேறு, துவைத்து முடித்த துணியில் எண்ணும் இழைகள் வேறு. இதற்கு ஒரு மாதிரித் துணி நெய்யாமல் தப்பிக்க முடியாது. தறியில் இருக்கும்போதே 20 அங்குலத்துக்கு 20 அங்குலச் சதுரம் ஒன்றை, துவைத்தால் அழியாத மையால் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கி, உங்கள் வழக்கமான முறையில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின் அளந்து பாருங்கள். நீளவாக்கில் 18.6, அகலவாக்கில் 19 அங்குலம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தறியில் 28 பிக் போட்டிருந்தால் முடிந்த துணியில் 28 × 20 ÷ 18.6, அதாவது ஏறத்தாழ 30 பிக். தறியில் 38 இழை இருந்தால் முடிந்த துணியில் 38 × 20 ÷ 19, அதாவது 40. கிராஃபுக்கு முடிந்த துணியின் எண்களை எடுக்க வேண்டும், தறியின் எண்களை அல்ல. பாதி முட்டைகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஜக்கார்டு (டிசைனுக்கேற்பப் பாவு இழைகளைத் தூக்கும் தறிக்கருவி) கொக்கி எண்ணிக்கையையும் பாருங்கள். 240 கொக்கி ஜக்கார்டில், கொக்கிக்கு ஓர் இழை, அங்குலத்துக்கு 40 இழை என்றால் ஒரு ரிப்பீட் (டிசைன் திரும்ப வரும் அகலம்) 6 அங்குலம்தான். 10 அங்குல வட்டம் அதில் அடங்காது. 200 கொக்கியில் பாதி வட்டத்தைப் போட்டு மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகக் கட்டலாம் என்று யோசனை சொல்வார்கள். வட்டம் வரும், டிலோனே வரமாட்டார். அவருடைய வட்டத்தில் இடமும் வலமும் வெவ்வேறு நிறம். அந்த முரண்தான் வட்டத்தைச் சுழல வைக்கிறது.

நிறங்களையெல்லாம் ஊடையிலேயே கொண்டுவர முயலாதீர்கள். ஆறு நிற ஊடை என்றால் ஆறும் துணியின் முழு அகலத்துக்கும் போகும். தேவையில்லாத இடத்தில் பின்னால் தொங்கும். எடை கூடும், இழை மாட்டிக் கிழியும். பாவை வட்டத்தின் நடுக்கோட்டில் பிரித்து இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சிவப்பு என்று ஓட்டுங்கள். ஊடையில் மேல்பாதிக்கு மஞ்சள், கீழ்பாதிக்குக் கறுப்பு. இரண்டு பாவு நிறம், இரண்டு ஊடை நிறம், நான்கு கால்வட்டங்களில் நான்கு வேறு நிறச் சேர்க்கை. இரண்டே நாடாவில் (ஊடையைக் கொண்டு ஓடும் கருவி) முடிந்துவிடும்.

கேள்வி: கணினித் திரையில் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று இருந்தன. நெய்ததும் மண் நிறம். நூலை மாற்றியும் அதேதான். டிலோனேயின் துணிகளில் மட்டும் எப்படி நிறம் துடிக்கிறது?
(வாசகி, ஈரோடு)

பதில்: சாயத்தில் குற்றமில்லை, இழையின் அளவில் இருக்கிறது. இதே புகாருக்கு இருநூறு வயதாகப் போகிறது. பாரீஸின் கோபலின் நெசவாலையில் சாயப்பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம் அங்கே தயாரான கறுப்பு நூல் மங்கலாக இருப்பதாகக் குறை வந்தது. சோதித்தார்; சாயம் சரியாகவே இருந்தது. கறுப்பை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதுதான் மங்கலுக்குக் காரணம். அதை விரித்து 1839இல் அவர் எழுதிய நூலில் இருந்துதான் பக்கத்துப் பக்க நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதியை டிலோனேயும் அவர் கணவர் ராபர்ட்டும் எடுத்துக்கொண்டார்கள். நெசவாலையில் பிறந்த விதி ஓவியத்துக்குப் போய், டிலோனே கையால் மறுபடி துணிக்கு வந்தது.

எதிர் நிறங்கள் பெரிய பரப்பாகப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். மிகச் சிறிய புள்ளிகளாகக் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். சிவப்புப் பாவில் பச்சை ஊடையைச் சாதா நெசவில் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கை தூரத்தில் கண் இரண்டையும் கலந்து மண்ணிறம் என்றுதான் சொல்லும். வேறு நூல் வாங்கினாலும் இதுவேதான் நடக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. சிவப்பின் மேல் சிவப்பு ஊடை, பச்சையின் மேல் பச்சை ஊடை என்று கட்டமாக நெய்து, கலக்கும் கட்டங்களைச் சிறிதாக வையுங்கள். அல்லது சாட்டின் போன்ற நெசவுக்குப் போங்கள்; ஐந்து விழுது (பாவு இழைகளைத் தூக்கும் சட்டம்) சாட்டினில் மேற்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே நிறம் தெரியும்.

நிறத்தைத் திரையில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு அங்குல அகல அட்டையில் உண்மையான நூலையே நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பட்டைகளின் அகலத்தைத் துணியில் வரப்போகும் அளவிலேயே சுற்ற வேண்டும். அந்த அட்டையை வெயில் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பாருங்கள்; ஒன்றில் ஒத்துப்போகும் இரண்டு நூல்கள் இன்னொன்றில் பிரிந்து தெரிவது சகஜம். பிறகு அலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தால் எல்லைக்கோடு கண்ணில் அதிரும். அந்தத் துடிப்பு வேண்டுமென்றால் அப்படியே விடலாம், உருவம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஒன்றைக் கறுக்க வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்கிரீனுக்குத்தான் பட்ஜெட். அரூப டிசைன் ஏழையாகத் தெரியாமல் இருக்க என்ன செய்யலாம்? போன முறை விளிம்பெல்லாம் கசிந்துவிட்டது.
(சிறு அச்சுப் பட்டறை, திருப்பூர்)

பதில்: லியுபோவ் போபோவாவையும் வர்வாரா ஸ்டெபனோவாவையும் பாருங்கள். 1923–24இல் மாஸ்கோவின் முதல் அரசு ஜவுளி அச்சு ஆலைக்காக இருவரும் போட்ட டிசைன்கள் பெரும்பாலும் அளவுகோலும் காம்பஸும் கொண்டு வரைந்தவை. புரட்சிக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலம், நிறம் குறைவு. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பட்டைகளாலும், வட்டத்துக்குள் கோடுகளின் திசை மாறுவதாலும்தான் அவற்றில் ஆழம் வருகிறது.

இரண்டு ஸ்கிரீனில் நான்கு நிறம் எடுக்கலாம்: துணியின் வெள்ளை, முதல் நிறம், இரண்டாம் நிறம், இரண்டும் ஏறிய இடம். மஞ்சளும் நீலமும் என்றால் பச்சை இலவசம். வெளிர் நிறத்தை முதலில் அடியுங்கள். ஏறக்கூடாத எல்லைகளில் அரை மில்லிமீட்டர் ஏற்றி வைப்பதா, ஒரு மில்லிமீட்டர் வெள்ளை இடைவெளி விடுவதா என்பதை டிரேசிங்கிலேயே முடிவு செய்யுங்கள். பதிவு (ஒரு நிறம் மற்றதோடு பொருந்தும் இடம்) கொஞ்சம் விலகும் கைமேசைக்கு வெள்ளை இடைவெளியே பாதுகாப்பு. ரியாக்டிவ் சாயத்தில் அரை மில்லிமீட்டர் ஏற்றினால் அங்கே மூன்றாவது நிறத்தில் மெல்லிய கோடு விழும். நேர்க்கோட்டு டிசைனில் அது அழுக்குப்போல் தெரியும்.

கசிவு பெரும்பாலும் பேஸ்ட்டில்தான். பருத்திக்கு ரியாக்டிவ் பேஸ்ட் ஒரு கிலோவுக்கு: சாயம் 30 கிராம், யூரியா 100 முதல் 150, ரெசிஸ்ட் சால்ட் 10, சோடியம் பைகார்பனேட் 25 முதல் 30, ஆல்ஜினேட் கெட்டிப்பு 500, மீதி தண்ணீர். யூரியா கூடினால் நீராவியில் ஈரத்தை அதிகம் இழுத்து விளிம்பு விரியும். ஆல்ஜினேட்டை ஒரு நாள் முன்பே கரைத்து ஊறவிடாமல் அப்போதே கலக்கினால் கட்டியும் நீருமாகப் பிரியும். பைகார்பனேட்டைக் கடைசியில், அடிப்பதற்குச் சற்று முன் சேருங்கள். முன்பே சேர்த்து வைத்த பேஸ்ட் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வீணாக்கிவிடும். அச்சு நன்றாக உலர்ந்த பிறகே 102 டிகிரி நீராவியில் 8 முதல் 10 நிமிடம். முதல் அலசல் குளிர்ந்த நீரில், நிறைய நீரில். எடுத்தவுடன் சுடுநீரில் போட்டால் ஒட்டாத சாயம் வெள்ளையில் ஏறிவிடும்.

கேள்வி: ஆனி ஆல்பர்ஸின் இரட்டை அடுக்கு நெசவைச் சாதாரண நான்கு விழுதுத் தறியில் செய்ய முடியுமா?
(கைத்தறி வடிவமைப்பாளர், சென்னிமலை)

பதில்: முடியும், ஒரு வரம்புக்குள். நான்கு விழுதில் இரண்டு அடுக்கும் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில்தான் இடம் மாறும். அதாவது கிடைமட்டப் பட்டைகள் மட்டுமே. ஆல்பர்ஸின் 1920களின் சுவர்த் துணிகளில் இருப்பதுபோல் பக்கவாட்டிலும் கட்டம் பிரிய வேண்டுமென்றால் இரண்டு கட்டத்துக்கு எட்டு விழுது வேண்டும். இல்லையென்றால் பட்டைக்குச்சி கொண்டு கையால் இழை பொறுக்க வேண்டும். சிறு அளவுக்குக் கையால் பொறுக்குவதே நல்லது.

ஓர் அடுக்குக்கு அங்குலத்துக்கு 24 இழை என்றால் அச்சில் (ரீடில்) 48 இழை போக வேண்டும். கறுப்பு, வெள்ளை என்று மாறிமாறி இழை. கறுப்பு 1, 3ஆம் விழுதுகளிலும் வெள்ளை 2, 4ஆம் விழுதுகளிலும். கறுப்பு மேலே இருக்கும்போது தூக்கும் வரிசை: கறுப்பு நாடாவுக்கு 1; வெள்ளை நாடாவுக்கு 1, 3, 2; கறுப்புக்கு 3; வெள்ளைக்கு 1, 3, 4. வெள்ளையை மேலே கொண்டுவர: வெள்ளை நாடாவுக்கு 2, கறுப்புக்கு 2, 4, 1, வெள்ளைக்கு 4, கறுப்புக்கு 2, 4, 3. கீழ் அடுக்கை நெய்யும்போது மேல் அடுக்கின் இரண்டு விழுதும் முழுதாகத் தூக்கியிருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்த இடத்தில் இரண்டு அடுக்கும் தைத்ததுபோல் ஒட்டிவிடும், அது மேலிருந்து தெரியாது. பத்து ஊடைக்கு ஒருமுறை இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய அளவுகோலை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் அடுத்த ஓரத்துக்கு வந்தால் சரி.

ஓரத்தில் இரண்டு நாடாவின் இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால் ஓரம் மூடும். சுற்றாமல் தனித்தனியே திரும்பினால் திறந்திருக்கும். எது வேண்டுமோ அதை முதல் ஊடையிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆல்பர்ஸ் செலோஃபேன் வைத்து நெய்தாராமே, உண்மையா?
(வாசகி, மதுரை)

பதில்: உண்மை. ஜெர்மனியின் பெர்னாவ் நகரில் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்காக அவர் நெய்த துணிக்குத்தான் 1930இல் பௌஹவுஸ் பட்டயம் கிடைத்தது. முன்பக்கம் செலோஃபேன் ஒளியைத் திருப்பியடிக்கும், பின்பக்கம் பருத்திச் செனில் (பஞ்சுபோன்ற நூல்) ஒலியை உறிஞ்சும்.

இன்று செய்ய நினைத்தால் பாலியஸ்டர் ஃபிலிமில் வரும் தட்டை இழையை ஊடையில் மட்டும் போடுங்கள். பாவில் போட்டால் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். கண்டின் (இழை சுற்றிய குழல்) தலைப்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, பளபளப்பு புள்ளிபுள்ளியாகிவிடும். கண்டு தானே உருண்டு பக்கவாட்டில் அவிழும்படி வைக்க வேண்டும். நெய்தபின் சூடான இஸ்திரி வேண்டாம், ஃபிலிம் சுருங்கித் துணி நெளியும்.

கேள்வி: நஸ்ரீன் மொஹமதியின் கோடுகள்போல மெல்லிய கோடு வைத்த துப்பட்டா செய்ய ஆசை. ஸ்கிரீனில் கோடு உடைகிறது, ஒரே கனத்தில் வரவில்லை.
(வாசகி, கோவை)

பதில்: கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, 1972 முதல் பரோடாவில் கற்பித்தவர். மையும் பென்சிலும் வரைகருவிகளும்தான் அவருடைய ஆயுதம். அந்தக் கோட்டுக்கு ஸ்கிரீன் சரியான இடமல்ல. 120 மெஷ் (ஸ்கிரீன் வலையில் அங்குலத்துக்கு 120 இழை) என்றால் ஒரு கண்ணின் தூரம் 0.21 மி.மீ. கோடு குறைந்தது மூன்று கண் அகலம் இல்லாவிட்டால் பல்பல்லாக உடையும், ஆக 0.6 மி.மீ.க்குக் கீழே போக முடியாது. 80 மெஷ்ஷில் ஒரு மி.மீ. கோடு மெஷ்ஷின் இழைக்கு இணையாக ஓடினால் சில இடத்தில் அடைபட்டு மறையும். டிரேசிங்கை 15 டிகிரி சாய்த்து வைத்தால் குறையும், போகாது.

60ஆம் நம்பர் பருத்தி நூலின் விட்டம் ஏறத்தாழ 0.12 மி.மீ. எனவே கோட்டை நெய்துவிடுங்கள். சாதா நெசவில் ஒற்றைப் பாவு இழை ஒன்றுவிட்டு ஒன்று மறைவதால் புள்ளிக்கோடாக வரும். அதுவே அழகு என்பேன். தொடர்ச்சி வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கம் இரண்டு இழை போடுங்கள். ஒன்று மறையும் இடத்தில் மற்றது தெரியும். சாயமேற்றிய நூலும் சாயமில்லாத நூலும் வெவ்வேறாகச் சுருங்கும். துவைத்தபின் கோட்டருகே துணி சுருக்கம் விழுவது அதனால்தான். வெள்ளை நூலையும் அதே லாட்டில் எடுத்து, ஒருமுறை கொதிநீர் கண்ட பிறகே பாவு ஓட்டுங்கள்.

இடைவெளிகளைச் சமமாக வைத்தால் அது கோடு போட்ட சட்டைத்துணி. 2, 3, 5, 9, 16 இழை என்று விரிந்து மறுபடி நெருங்கட்டும்.

கேள்வி: ஹில்மா அஃப் கிளின்டின் பெரிய ஓவியங்களைச் சேலையில் அச்சடித்து விற்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?
(பூட்டிக் நடத்துபவர், திருச்சி)

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கலைஞர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஐரோப்பாவிலும் இலங்கையிலும் 70. கிளின்ட் 1944இலும் டாய்பர்-ஆர்ப் 1943இலும் இறந்தவர்கள். இரண்டு கணக்கிலும் முடிந்துவிட்டது. ஸ்டெபனோவா 1958: இந்தியாவில் முடிந்தது, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்றால் 2028 முடியும்வரை பொறுக்க வேண்டும். டிலோனேக்கு இந்தியாவில் 2039 வரை, மொஹமதிக்கு 2050 வரை, ஆல்பர்ஸுக்கு 2054 வரை உரிமை இருக்கிறது. அவர்களுடைய குறிப்பிட்ட படைப்பை அனுமதியில்லாமல் அடிக்காதீர்கள். எதிர் நிறங்களை அடுத்தடுத்து வைப்பது, இரட்டை அடுக்கு நெய்வது போன்ற முறைகள் யாருக்கும் சொந்தமல்ல. பிரிட்ஜெட் ரைலியின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் 1965இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்த கையோடு, அவற்றைப் பார்த்து அடித்த உடைகள் அவரைக் கேட்காமலே கடைகளில் தொங்கின. அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

ஓவியத்தின் உரிமை முடிந்தாலும் நீங்கள் இறக்கும் புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை இருக்கலாம். அந்த அருங்காட்சியகம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள்.

சட்டத்தைவிடச் சேலைதான் உங்களுக்குப் பெரிய சிக்கல். 1907இல் அவர் வரைந்த மிகப்பெரிய பத்து ஓவியங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் அகலம். சேலையின் அகலமோ 1.15 முதல் 1.2 மீட்டர். சுருக்கி அடித்தால் அந்த உருவங்கள் வெறும் பூவேலையாகிவிடும். கொசுவத்தில் ஒரு மடிப்பு சுமார் 5 அங்குலம். அங்கே விழும் ஒரு மீட்டர் வட்டம் கீற்றுக்கீற்றாகத்தான் தெரியும். முந்தானையின் கடைசி ஒரு மீட்டரில் ஒரே ஓர் உருவத்தை முழு அளவில் வையுங்கள். கொசுவத்துக்கு வரும் பகுதியில் உருவமே வேண்டாம், ஓவியத்தின் பின்னணி நிறம் மட்டும் போதும். இடுப்பைச் சுற்றும் முதல் ஒரு மீட்டருக்குள் சாயத்தை வீணாக்காதீர்கள், யாருக்கும் தெரியாது. ஒரு பழைய சேலையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டங்களை வரைந்து, யாரையாவது கட்டச் சொல்லி, நான்கு பக்கமும் படமெடுத்துவிட்டு ஸ்கிரீனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: டாய்பர்-ஆர்ப் டிசைனைக் குறுக்குத் தையலில் செய்ய எந்தத் துணி?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி (குறுக்குத் தையலுக்கென்றே கட்டமாக நெய்தது). 70க்கு 70 தையல் 5 அங்குலச் சதுரம் வரும். இங்கே கட்டம் உண்மையிலேயே சதுரம் என்பதால் கரூர் வாசகரின் தொல்லை கிடையாது. மேல்தையல் எல்லா இடத்திலும் ஒரே திசையில் சாயட்டும், மாறினால் ஒரே நிறம் இரண்டாகத் தெரியும். கறுநிற இழையை வெளிர்க் கட்டத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முடித்து வெட்டிவிட்டு அடுத்த கட்டத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.